ஒரு கருத்துப்படத்தை அழிக்க எத்தனை பேர் வேண்டும்?

2025 பிப்ரவரி 15ஆம் தேதி, சனிக்கிழமை மாலையிலிருந்து விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஐந்து நாள் முன்பு ‘விகடன் பிளஸ்’ மின்னிதழின் அட்டையில் ஒரு கார்ட்டூன் வந்திருந்தது. அமெரிக்க அதிபர் டிரம்புக்குப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கு மாட்டப்பட்டு உட்கார்ந்திருப்பதாகப் படம். அந்த மாதம் 5ஆம் தேதிதான் அமெரிக்கா 104 இந்தியர்களை விலங்கிட்டு ராணுவ விமானத்தில் ஏற்றி, அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அதைக் கண்டித்து இந்திய அரசு உரக்கப் பேசவில்லை என்பதே படம் சொன்ன சேதி. அப்போது தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை மத்திய அரசிடம் புகார் கொடுத்தார். தளம் முடங்கிய அன்று, அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றது விகடன். விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முடங்கியது அந்த அட்டைப்படம் மட்டுமல்ல. ஆனந்த விகடன், ஜூனியர் விகடன், அவள் விகடன், பசுமை விகடன் என்று அந்த நிறுவனத்தின் இதழ்களெல்லாம் ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. கத்தரிச் செடியில் காய்ப்புழுவுக்கு என்ன செய்வது என்று தேடிப்போன விவசாயிக்கும் அன்று கதவு சாத்தப்பட்டது. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சர்ச்சைக்குரிய பக்கத்தை விகடன் தற்காலிகமாக நீக்கிவிட்டு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததும் அமைச்சகம் தடையை விலக்க வேண்டும். அந்தப் படத்தால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து உண்டா என்ற மூலக் கேள்வி பிற்பாடு விசாரிக்கப்படும். படம் குற்றமா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்லாமலே, நூற்றாண்டை நெருங்கும் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் தளம் ஏறக்குறைய மூன்று வாரம் முடங்கிக் கிடந்தது.

இந்தச் சம்பவத்தைப் பலரும் பேசினார்கள், பிறகு மறந்தும் விட்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது அதன் பின்னால் இருக்கும் நீண்ட வரிசையை. தமிழில் அரசியல் கருத்துப்படம் தோன்றி ஏறக்குறைய 120 ஆண்டு ஆகிறது. இந்தக் காலத்தில் ஒரு படத்தின் மீதோ அதை வெளியிட்டவர் மீதோ கைவைக்க அதிகாரத்துக்கு எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருந்தது என்று அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆட்களும் படிகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

முதல் படி பாரதியிடமிருந்து தொடங்குகிறது. 1906ல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் சிவப்புத் தாளில் அச்சானது. தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்தைத் தொடர்ச்சியாகவும் திட்டமிட்டும் வெளியிட்டது அந்த இதழ்தான். படத்தைப் பார்த்துப் பழகாத வாசகர்களுக்காகப் பாரதி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினார். இந்த உருவம் யார், இந்த மிருகம் எதைக் குறிக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு சமூகம் படத்தை வாசிக்கக் கற்றுக்கொண்ட ஆண்டுகள் அவை. 1908 ஆகஸ்டில் வெள்ளை அரசு அந்த இதழின் மீது பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன் கைதாகி, ராஜதுரோகக் குற்றத்துக்கு 5 ஆண்டு தண்டனை பெற்றார். வழக்கு எழுத்துகளைப் பற்றியது, படங்களைப் பற்றியது அல்ல. ஆனால் இதழ் சென்னையில் நின்றபோது படமும் சேர்ந்தே நின்றது. பாரதி புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து அதை மறுபடி நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் வர முடியாதபடி அரசு தடுத்தது. 1910 மார்ச்சோடு ‘இந்தியா’ நின்றுபோனது.

அது அந்நியர் ஆட்சி, அடக்குமுறைச் சட்டம். அப்படி இருந்தும் போலீசார் வர வேண்டியிருந்தது, குற்றப்பத்திரிகை எழுத வேண்டியிருந்தது, நீதிமன்றத்தில் இரு தரப்பும் வாதாட வேண்டியிருந்தது, ஒரு நீதிபதி தன் பெயரைப் போட்டுத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. தபாலில் இதழைப் பிடிக்க ஒவ்வொரு ஊரிலும் ஆள் வேண்டியிருந்தது. தண்டனை கொடூரமானதுதான். ஆனால் யார் தண்டித்தார், எதற்காகத் தண்டித்தார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது 1987. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று விகடனை நினைக்கும்போது பலருக்கும் ஞாபகம் வருவது அந்த ஆண்டுதான். அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் மட்டும் பாதியிலேயே நிற்கிறது.

1987 மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம். மேடையில் இருவர். இவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் அடிப்பவர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. யார் பெயரும் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை. சட்டமன்றம் கொதித்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன் மன்னிப்பு வெளியிடச் சொன்னார். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 4ஆம் தேதி அவை ஒரு தீர்மானம் போட்டது: 3 மாதக் கடுங்காவல். அன்றே கைதாகிச் சென்னை மத்திய சிறைக்குப் போனார் ஆசிரியர். நாடெங்கும் பத்திரிகையாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். முதல்வர் எம்.ஜி.ஆர். தலையிட, ஓரிரு நாளில் அவர் விடுதலையானார்.

பொதுவாக இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும், பத்திரிகை வென்றது என்று. பாலசுப்ரமணியன் அங்கே நிறுத்தவில்லை. விடுதலை செய்தது தயவு, கைது செய்தது சட்டவிரோதம். தயவு வேண்டாம், சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டு உயர் நீதிமன்றம் போனார். அடையாளமாக 1,000 ரூபாய் மட்டும் இழப்பீடு கேட்டார். 1994ல் கைது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தன் தரப்பைச் சொல்ல ஒரு மனிதனுக்கு வாய்ப்பே தராமல் சிறைக்கு அனுப்ப முடியாது என்பதுதான் அந்த வழக்கின் உயிர். கிடைத்த 1,000 ரூபாயை பிரேம் போட்டு மாட்டி வைத்திருந்தார். 2014 டிசம்பரில் அவர் காலமானார்.

அவர் விட்டுப்போன சொத்து அந்த அட்டைப்படம் என்று நினைக்கிறோம். அந்தப் படம் சுமாரான ஒரு துணுக்குத்தான். அன்றைக்கு டீக்கடைகளில் இதைவிடக் காரமாகப் பேசிக்கொண்டார்கள். அவர் விட்டுப்போன சொத்து, தண்டிக்கும் முன் கேட்க வேண்டும் என்ற அந்த விதி. விடுதலையான பிறகும் ஏழு ஆண்டு நீதிமன்றம் நடந்து அவர் சம்பாதித்தது அது. 2025ல் அவருடைய நிறுவனத்தின் மீதே நடவடிக்கை பாய்ந்தபோது முதலில் காணாமல் போனதும் அதுதான்.

சட்டமன்றத் தீர்மானத்தில் விசாரணை இல்லை. ஆனாலும் 1987ல் ஒரு அவை கூட வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் பேச வேண்டியிருந்தது. பேச்சு அவைக்குறிப்பில் ஏறியது, மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. எதிர்ப்பதற்கு ஒரு முகம் இருந்தது, ஒரு கட்டடம் இருந்தது. (அரசியல் சாசனத்தின் 194ஆம் பிரிவு, சட்டமன்றத்தின் உரிமைகள் என்னென்ன என்று சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆட்சியும் இதுவரை கொண்டுவரவில்லை.)

2017க்கு வரும்போது அவையும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகி இறந்தார்கள். பலமுறை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்பது குற்றச்சாட்டு. கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்து சமூக ஊடகத்தில் போட்டார். எரியும் குழந்தைக்கு முன் முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரும் நிர்வாணமாக நின்று ரூபாய்க் கட்டுகளால் மறைத்துக்கொண்டிருக்கும் படம். ஆட்சியரின் புகார் போதுமானதாக இருந்தது. நவம்பர் 5ஆம் தேதி நெல்லைப் போலீசார் சென்னைக்கு வந்து அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். அவதூறுப் பிரிவோடு, ஆபாசத்தை மின்னணு வடிவில் பரப்பியதாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவும் சேர்ந்தது. மறுநாளே ஜாமீன் கிடைத்தது. வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய 2021 ஆனது.

இன்னும் நீண்டது கொல்கத்தா கதை. முதல்வர் மம்தா பானர்ஜியைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் மற்றவர்களுக்கு அனுப்பிவைத்தார் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா. வரைந்தது அவரல்ல. 2012 ஏப்ரலில் கைதானார். அவர் மீது போடப்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்துப்போட்டது. செத்துப்போன சட்டத்தின் பெயரில் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. அவர் முழுதாக விடுபட்டது 2023 ஜனவரியில். பத்தாண்டுக்கு மேல். கடைசியில் விடுதலை வந்துவிடுகிறதே என்று ஆறுதல் சொல்பவர்கள் அந்தப் பத்தாண்டு வாய்தாக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 2012லேயே மும்பையில் ராஜதுரோகப் பிரிவில் கைதான கார்ட்டூனிஸ்ட் அசீம் திரிவேதியின் வழக்கில், அரசியல்வாதியை விமர்சிப்பதும் அரசைக் கவிழ்க்கத் தூண்டுவதும் ஒன்றல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2015ல் தெளிவாகச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் கைதுக்கு இரண்டரை ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு.

இப்போது 2025ல் நடந்ததன் உள்கட்டமைப்பைப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இணையத்தில் எதையும் மறைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2009ல் வந்த அதன் விதிகளின்படி ஒரு குழு கூடிப் பரிசீலிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் தர வேண்டும். ஆனால் அவசரம் என்று கருதினால் முதலில் மறைத்துவிட்டுப் பிறகு குழுவிடம் போகலாம். அந்த விதிகளில் 16ஆவது, புகாரும் நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. யார் புகார் கொடுத்தார், எந்தக் காரணம் சொல்லி உத்தரவு போடப்பட்டது என்பது வாசகனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பல நேரங்களில் வரைந்தவருக்கே தெரிவதில்லை; உத்தரவு இணைய நிறுவனத்துக்குப் போகிறது, அது சத்தமில்லாமல் நிறைவேற்றிவிடுகிறது.

போலீசார் வீட்டுக்கு வர வேண்டாம். குற்றப்பத்திரிகை வேண்டாம். நீதிபதி வேண்டாம். சிறை வேண்டாம், சிறை போனால் ஊர்வலம் வரும், தலையங்கம் வரும், எம்.ஜி.ஆரே இறங்கிவர வேண்டியிருக்கும். ஒரு கோப்பும் சில கையெழுத்துகளும் போதும்.

இணையத்தில் எதையும் அழிக்க முடியாது, தடை போட்டதால்தான் அந்தப் படத்தை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. விகடன் விஷயத்தில் அது உண்மைதான். மின்னிதழை வாங்கிப் படிக்காதவர்களின் வாட்ஸ்அப்பிலும் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. ஆனால் விகடனுக்கு வாசகர் பரப்பு இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கண்டன அறிக்கை விடக் கட்சித் தலைவர்கள் இருக்கிறார்கள். தனியாக வீட்டில் உட்கார்ந்து வரைந்து, தன் பக்கத்தில் போட்டு, அதிலேயே வாழ்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அவர் படம் மறைந்தால் அது மறைந்தது என்றே யாருக்கும் தெரியாது. 2021 ஜூனில் கார்ட்டூனிஸ்ட் மஞ்சுளுக்கு ட்விட்டரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கணக்கு இந்தியச் சட்டத்தை மீறுவதாக அரசுத் தரப்பிலிருந்து புகார் வந்திருக்கிறது என்று. எந்தப் படம் என்றுகூட அதில் சொல்லவில்லை. சில நாளில், அவர் ஒப்பந்த அடிப்படையில் வரைந்துகொண்டிருந்த ஊடக நிறுவனம் அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது.

இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஏனென்றால் வேலையை இழக்க வைப்பதற்கு அரசு உத்தரவுகூடத் தேவையில்லை.

பத்திரிகைக் கருத்துப்படக்காரர் என்பவர் யார்? அவர் வெறும் ஓவியர் அல்ல. காலையில் எல்லாப் பேப்பரையும் படித்துவிட்டு, ஆசிரியர் கூட்டத்தில் உட்கார்ந்து, மூன்று நான்கு யோசனைகளைப் பென்சிலில் கீறிக் காட்டி, ஒன்று தேர்வாகி, பக்கம் அச்சுக்குப் போகும் முன் முடித்துக்கொடுப்பவர். அவர் படத்துக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கும். அதற்குப் பின்னால் ஆசிரியர் இருப்பார், பத்திரிகை இருக்கும். தப்பென்றால் யாரைக் கேட்பது என்று வாசகனுக்குத் தெரியும். ஆர்.கே. லட்சுமண் 1951 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் தினமும் ஒரு சிறு கட்டத்துக்குள் ‘சாமானியன்’ என்ற தன் பாத்திரத்தை நிறுத்தினார் என்றால், அவருக்கு ஒரு மேசையும் மாதச் சம்பளமும் இருந்தன. சங்கர் 1932ல் இந்துஸ்தான் டைம்ஸில் சேர்ந்து, 1948ல் சொந்த வார இதழ் தொடங்கி, நேருவை வாராவாரம் வரைந்தார். அந்த இதழைத் தொடங்கிவைத்தவரே நேருதான். நேருவைப் பற்றிய சங்கரின் படங்களை மட்டும் தொகுத்தே 1983ல் ஒரு புத்தகம் வந்தது. ஒரே தலைவரை ஆண்டுக்கணக்கில் கவனித்து வரைந்தால்தான், அவர் முகத்தில் களைப்பு எப்போது வந்தது, பிடிவாதம் எப்போது வந்தது என்பது பதிவாகும். தலையங்கத்தில் அது வராது.

அந்த மேசைகள் இப்போது காலியாகின்றன. இதில் முன்னால் போய்க்கொண்டிருப்பது அமெரிக்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பத்திரிகைகளில் 2,000க்கு மேற்பட்ட கருத்துப்படக்காரர்கள் சம்பளத்தில் இருந்தார்கள் என்றும், 2011ல் அது 40க்கும் கீழே வந்துவிட்டது என்றும் ஹெர்பிளாக் அறக்கட்டளையின் அறிக்கை சொன்னது. 25 ஆண்டு வேலை பார்த்த ராப் ரோஜர்ஸை 2018 ஜூனில் பிட்ஸ்பர்க் பத்திரிகை வெளியேற்றியது. அதற்கு முன் டிரம்பை விமர்சித்த அவர் படங்கள் அடுத்தடுத்து நிறுத்தப்பட்டிருந்தன. யூத வெறுப்புப் படம் ஒன்று வெளியாகிக் கண்டனம் கிளம்பிய பிறகு, நியூயார்க் டைம்ஸ் தன் சர்வதேசப் பதிப்பில் அரசியல் கருத்துப்படத்தையே 2019 ஜூலையோடு நிறுத்தியது. தவறிய ஒரு படத்துக்காக ஒரு கலை வடிவத்தையே வெளியேற்றினார்கள். 2023 ஜூலையில் மெக்ளாட்சி பத்திரிகை நிறுவனம் மூன்று பேரை ஒரே நாளில் அனுப்பியது. மூவரும் புலிட்சர் பரிசு பெற்றவர்கள். 1922 முதல் கருத்துப்படத்துக்கென்றே இருந்த அந்தப் பரிசுப் பிரிவும் 2022ல் வேறு பெயர், வேறு வரையறை பெற்றுவிட்டது. 2025 ஜனவரியில் ஆன் டெல்நேஸ் வாஷிங்டன் போஸ்ட்டிலிருந்து விலகினார். கோடீஸ்வரர்கள் டிரம்ப் சிலைக்கு முன் பணப்பையோடு மண்டியிடும் படம் அவர் வரைந்தது. அவர்களில் ஒருவர் அந்தப் பத்திரிகையின் உரிமையாளர். படம் ஏற்கப்படவில்லை. சில மாதம் கழித்து அவருக்குப் புலிட்சர் கிடைத்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

ஆளையே காணாமலாக்கிய இடங்களும் உண்டு. கொழும்பில் 2010 ஜனவரி 24 அன்று, அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். இறுதிப் போரில் தமிழர்கள் மீது ரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்டதா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார் என அவர் மனைவி சந்தியா சொல்லிவருகிறார். இன்றுவரை அவர் வீடு திரும்பவில்லை.

நம் ஊரில் இந்த இழப்புக்கு யாரும் கணக்கு எடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழில் இந்த வாரம் எத்தனை அரசியல் கருத்துப்படம் வந்தது, அதில் கையெழுத்து இருந்ததா, அது ஆளும் கட்சியைத் தொட்டதா என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அந்த இடத்தை இப்போது நிரப்புவது கட்சிகளின் ஐ.டி. விங் தயாரிக்கும் மீம். அதற்குக் கையெழுத்து இல்லை, ஆசிரியர் இல்லை, தவறினால் பொறுப்பேற்க ஆள் இல்லை. எதிர்க்கட்சித் தலைவரை மட்டுமே அது அடிக்கும், தன் தலைவரைத் தொடாது. கருத்துப்படக்காரர் இல்லாத ஊரில் கேலி நின்றுவிடாது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் கேலி மட்டும் மிஞ்சும்.

கருத்துப்படக்காரர்களும் தவறுவார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாதம் நேர்மையாக இருக்காது. அரசியல் சாசனம் எழுதுவது மெதுவாகப் போகிறது என்று காட்ட, நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்க நேரு சாட்டையோடு நிற்பதாக 1949ல் சங்கர் வரைந்தார். 2012ல் அது பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இருப்பது பெரும் சர்ச்சையானது. அம்பேத்கர் மேல் சாட்டை ஓங்குவது போன்ற ஒரு படம் தலித் மாணவருக்கு என்ன உணர்வைத் தரும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இரண்டு விதமாகப் பதில் வந்தது. ஒன்று, அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னது. பாடநூல் ஆலோசகர்கள் சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் விலகினார்கள், பல்ஷிகரின் புணே அலுவலகம் சூறையாடப்பட்டது. மற்றொன்று, உன்னமதி சியாம சுந்தர் என்ற ஆய்வாளர் செய்தது. 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரை எப்படியெல்லாம் வரைந்தார்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் இருக்கும் சாதிப் பார்வையைச் சுட்டிக்காட்டி 2019ல் புத்தகமாகப் போட்டார். முதல் பதில் படத்தை மறைத்தது, அதோடு குற்றத்தின் தடயத்தையும் மறைத்தது. இரண்டாவது பதில் படத்தை வைத்தே வரைந்தவர்களைக் கூண்டில் ஏற்றியது. எனக்கு இரண்டாவதுதான் கடுமையான தண்டனையாகத் தெரிகிறது.

அதே 2012ல் தமிழ்நாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைக் கேலி செய்யும் லட்சுமணின் பழைய படம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. அந்தப் படம் 1965ன் தியாகத்தைப் புரிந்துகொள்ளாத படம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் கட்சிகள் ஒரே குரலில் கேட்டது, படத்தை நீக்கு என்பதைத்தான். அதன் பக்கத்திலேயே தமிழ்நாட்டின் பதிலை அச்சிடு, அன்று அண்ணாவின் மாநிலம் என்ன சொன்னது என்று வட இந்தியப் பிள்ளையும் படிக்கட்டும் என்று கேட்டிருக்கலாம். நம்மைக் குத்தும் படத்தை நீக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தால், அந்தப் பாடத்தை டெல்லி நன்றாகவே கற்றுக்கொள்ளும்.

கடைசியாக, மிச்சம் என்ன இருக்கும் என்ற கேள்வி. பாரதியின் ‘இந்தியா’ நின்று 84 ஆண்டு கழித்து, 1994ல், ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கருத்துப்படங்களைத் தொகுத்து நூலாக்கினார். வெள்ளை அரசு தடுத்த இதழின் பிரதிகள் எங்கோ ஆவணக் காப்பகத்தில் கிடந்ததால்தான் அது முடிந்தது. நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பர் 10 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆப்ரகாம் ஒரு படம் போட்டார்: குளியல் தொட்டியிலிருந்தபடியே குடியரசுத் தலைவர் அவசரச் சட்டங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அது தணிக்கையைத் தாண்டி வந்துவிட்டது. தாண்டாத படங்களும் இருந்தன. நெருக்கடி நிலை நீங்கியதும் 1977ல் அவற்றையும் சேர்த்துப் புத்தகம் போட்டார். தணிக்கை அதிகாரி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது. 1987 அட்டைப்படம் இன்றும் பழைய புத்தகக் கடையில் கிடைக்கலாம். சபாநாயகரால் ஒவ்வொரு வீட்டு அலமாரிக்கும் போய் அதைக் கிழிக்க முடியாது.

மின்னிதழின் அட்டை அலமாரியில் இருப்பதில்லை. அது ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து எடுத்தால் எல்லார் வீட்டிலிருந்தும் எடுத்த கணக்குத்தான். 2025ல் விகடனுக்குத் தளம் திரும்பக் கிடைத்தது, படத்தை விலையாகக் கொடுத்து. இன்று சமூக ஊடகத்தில் மட்டும் வரைபவர்களின் பத்தாண்டு உழைப்பு ஒரு நிறுவனத்தின் கணக்கு முடக்கத்தில் போய்விடக்கூடியது. 2060ல் ஓர் ஆய்வாளர் நம் காலத்தின் தமிழ்க் கருத்துப்படங்களைத் தேடினால், எந்தக் காப்பகத்துக்குப் போவார்?

இதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. இணையத்தையே முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில், காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு தளத்தையோ ஒரு படத்தையோ மறைக்கும் உத்தரவுக்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும். 2009 விதிகளின் ரகசியத்தன்மையை எதிர்த்த மனுவில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது; அந்த வழக்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் தங்கள் வழக்காக நினைத்துப் பின்தொடர வேண்டும். ஆசிரியர்களே, நோட்டீஸ் வந்தால் அந்த நோட்டீஸையே அச்சிடுங்கள். வாரம் ஒரு கருத்துப்படத்துக்காவது சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள். அவர் கையெழுத்தை அழிக்காதீர்கள். மின்னிதழில் வரும் படங்களை ஆண்டுக்கொரு முறையாவது தாளில் அச்சிட்டு, கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பிவையுங்கள்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடித்த கருத்துப்படக்காரரின் பக்கத்தை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.